ஸீரோ பாருங்கள், ஸார்!

சென்னையிலிருந்து மதுரைக்கு மோட்டாரில் போகிறவர்கள் வழியில் என்னென்ன பார்க்கலாம் என்பதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த ஏரிக்கும் இந்தக் கோட்டைக்கும் நடுவே எந்த ஹோட்டலில் காப்பி சாப்பிடலாம், எங்கே சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது என்பது பற்றித் தனிப் புராணமே இருக்கிறது. ஆனால், ஏறக்குறைய 460 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில், ஆஸ்திகர் நாஸ்திகர், அவசரக்காரர் சாவகாசக்காரர் என்ற பேதமின்றி எல்லாரும் நின்று காணிக்கை செலுத்தும் ஸ்தலம் ஒன்று உண்டு. அதற்கு ஸ்தல புராணம் பாடுவார் யாருமில்லை. பெட்ரோல் பங்கைத்தான் சொல்கிறோம்.

இங்கிலீஷ்காரர் தேசத்தில் போய், "பெட்ரோல் பங்க் எங்கே?" என்று கேட்டால் அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் ரயிலிலும் கப்பலிலும் படுத்துறங்கும் பலகையைக் குறிக்கும். தென்னிந்தியாவில்தான் அது பெட்ரோல் விற்கும் இடமாயிற்று. நம் ஜனங்களோ அதன் வாலில் ஓர் உகரத்தையும் சேர்த்துப் 'பங்கு' ஆக்கிவிட்டார்கள். இதில் நாம் குற்றம் காணவில்லை. ஒரு லிட்டருக்கு நாம் கொடுக்கும் பணத்தில் எண்ணெய்க் கிணற்றுக்காரருக்கு ஒரு பங்கு, சுத்திகரிக்கும் ஆலைக்கு ஒரு பங்கு, மத்திய சர்க்காருக்கு ஒரு பங்கு, மாநில சர்க்காருக்கு ஒரு பங்கு, விற்கிற டீலருக்குச் சிறு பங்கு என்று போய்ச் சேருகிறது. ஆகையால் பெயர் மிகப் பொருத்தம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இந்தப் புராதனச் சாலைக்கு 'கிராண்ட் ஸதர்ன் டிரங்க் ரோடு' என்று பெயர். சுருக்கமாக ஜி.எஸ்.டி. ரோடு. 2017-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தேசம் முழுவதற்கும் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி வந்தபோது, அந்த வரிக்குள் பெட்ரோலைச் சேர்க்காமல் பழைய வரிகளுக்கே விட்டு வைத்தார்கள். எனவே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜி.எஸ்.டி. இல்லாமல் விற்கும் சரக்கு பெட்ரோல்!

சமீபத்தில் நாம் குடும்ப சகிதமாக மதுரைக்குப் புறப்பட்டோம். நம் இல்லத்தரசி, கல்லூரியில் படிக்கும் நம் புதல்வி, எழுபது வயதைத் தாண்டிய நம் அத்தை, ஆக நால்வர். வண்டியை ஓட்டியவள் புதல்வி. பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லும் உத்தியோகம் நமக்கு.

விடியற்காலையிலேயே பெட்ரோல் போட்டுவிட வேண்டும் என்றாள் அத்தை. குளிர்ந்த நேரத்தில் பெட்ரோல் கெட்டியாக இருக்குமாம். லிட்டருக்கு அதிகம் கிடைக்குமாம். இந்த நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உண்டு, முழுப் பொய்யுமன்று. பெட்ரோல் சூட்டினால் விரிவடைகிற திரவம்தான்: ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பாகம் அளவு. ஐந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் 30 லிட்டரில் 150 மில்லி வரையில் லாபம். ஆனால் பங்குக்காரர் பெட்ரோலை மொட்டை மாடியிலா வைத்திருக்கிறார்? பூமிக்குள் புதைத்த தொட்டியில் வைத்திருக்கிறார். அங்கே நள்ளிரவும் நடுப்பகலும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சிதான். விடியற்காலையில் கிடைக்கும் உண்மையான லாபம் வரிசையில் கூட்டமில்லாமை. விலைப் பலகையைப் பார்க்கவும் அது நல்ல நேரம். 2017-ஆம் வருஷம் ஜூன் 16 முதல், விலை மாறுவதானால் காலை 6 மணிக்கு மாறுவது என்று ஏற்பாடு.

பங்கில் நுழைவதற்கு முன்னால் தெரிந்து கொள்ள வேண்டிய முதல் மரியாதை, நம் வண்டியின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. சொந்த வண்டிக்காரர்கள் கூடப் பங்குக்குள் வந்து நின்ற பிறகு, இறங்கிப் பார்த்து, "அடடா, அந்தப் பக்கம்!" என்று பின்னோக்கி வருவதை நித்தம் காணலாம். பின்னால் நிற்கும் பத்து ஸ்கூட்டர்காரர்களும் ஒரே சமயத்தில் காலால் உந்திப் பின்வாங்க வேண்டியதாகிறது. இதற்கு நிவர்த்தி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். அது இடப்பக்கம் காட்டினால் வாய் இடப்பக்கம். வலப்பக்கம் காட்டினால் வலப்பக்கம். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மாய்லன் என்பவர், 1986-இல் ஒரு மழை நாளில் வண்டியைத் தவறான பக்கத்தில் நிறுத்திவிட்டு நனைந்து போனாராம். ஆபீஸுக்குத் திரும்பியதும் ஈரம் காயுமுன்னே உட்கார்ந்து யோசனையை எழுதிக் கொடுத்துவிட்டார். மழையில் நனைந்தவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள். நனைந்த பிறகு பிறருக்கு உபகாரமாக ஓர் அம்பு வரைந்தவர் இவர் ஒருவர்.

தாம்பரம் தாண்டி ஒரு பங்கில் நிறுத்தினோம். நீலச் சட்டை அணிந்த பெண்மணி ஒருத்தி வந்தாள். வண்டியை ஓட்டி வந்தவள் நம் புதல்வி. எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறக்கும் விசையை இழுத்து, கண்ணாடியை இறக்கி, "டாங்க் ஃபுல் பண்ணுங்க அக்கா" என்று சொன்னவளும் அவளே. ஆனால் அந்தப் பெண்மணி குனிந்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த நம்மைப் பார்த்து, "ஃபுல்லா ஸார்?" என்று உறுதி கேட்டாள். நாம் பேசாமல் புதல்வியைக் காட்டினோம். பெண்மணி சிரித்துவிட்டாள். "பழக்கமாப் போச்சு ஸார்" என்றாள்.

பழக்கந்தான். ஆனால் உலகத்தில் முதன் முதலாக மோட்டார் வண்டியில் நெடுந்தூரப் பிரயாணம் செய்து, வழியில் கடையில் நிறுத்தி எண்ணெய் வாங்கியவர் ஒரு ஸ்திரீ என்பதை அந்தப் பழக்கம் மறந்துவிட்டது. 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் கணவரிடம் சொல்லாமல், அவர் செய்த வண்டியை எடுத்துக் கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக் கொண்டு, மன்ஹைமிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அந்த நாளில் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் புகுந்து, துணிக் கறை நீக்குவதற்காக விற்கும் எண்ணெயை வாங்கி வண்டிக்கு ஊற்றினார். எண்ணெய்க் குழாயில் அடைப்பு ஏற்பட்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தாய்வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஸ்திரீகள் செய்ய முடியாதது எதுவுமில்லை என்று நம் இல்லத்தரசி இதற்கு வியாக்கியானம் செய்தாள்.

"ஸீரோ பாருங்கம்மா" என்றாள் நீலச் சட்டைப் பெண்மணி, இம்முறை சரியான ஆளைப் பார்த்து.

வேறு எந்தக் கடையிலும் இந்த வழக்கம் நமக்குத் தெரிந்து இல்லை. மளிகைக் கடைக்காரர் தராசைக் காட்டி, "முள் நடுவிலே நிற்கிறது பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. துணிக் கடைக்காரர் முழக்கோலைத் தூக்கிக் காட்டுவதில்லை. பெட்ரோல் பங்கிலோ, அக்கினி சாட்சியாக மாலை மாற்றுவது போல், ஸீரோ சாட்சியாகத்தான் வியாபாரம் தொடங்குகிறது. வாங்குகிறவர் தலையை ஆட்ட வேண்டும், அல்லது "சரி" என்று சொல்ல வேண்டும். கையிலுள்ள டெலிபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்று முனகுகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் சாட்சிக் கையெழுத்தை எங்கேயும் படிக்காமல் போடக்கூடியவர்கள்.

இந்த ஸீரோ வாங்குகிறவருக்கு மட்டும் காவல் என்று நாம் எண்ணியிருந்தோம். நீலச் சட்டைப் பெண்மணி வேறொரு கணக்குச் சொன்னாள். ஷிப்டு முடிந்ததும் யந்திரம் எத்தனை லிட்டர் விற்றதாகக் காட்டுகிறதோ அத்தனைக்கும் அவள் பணம் காட்ட வேண்டும். நடுவில் யாராவது, "நான் ஐந்நூறுக்குத்தானே சொன்னேன், ஏன் ஆயிரத்துக்குப் போட்டாய்?" என்று சண்டை பிடித்துப் பாதிப் பணத்தை எறிந்துவிட்டுப் போனால், மீதி அவள் சம்பளத்திலே பிடிபடும். பெட்ரோலை டாங்கிலிருந்து திரும்ப உறிஞ்ச முடியுமா? "அதனாலேதான் ஸார், எவ்வளவுக்குன்னு ரெண்டு தடவை கேட்பேன். சில பேர் கோவிச்சுக்குவாங்க. கோவிச்சுக்கட்டும்" என்றாள். பெட்ரோலா டீசலா என்பதையும் அப்படித்தான் இரண்டு முறை கேட்கிறாள். பெட்ரோல் வண்டிக்கு டீசல் போய்விட்டால், எஞ்சினைக் கிளப்பாமல் தள்ளிக் கொண்டு போய் டாங்கைக் காலி செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு யார் தலை உருளும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே, தொகையையும் எண்ணெயின் பெயரையும் தெளிவாக, காது கேட்கும்படி சொல்வது வெறும் நாகரிகமன்று. ஒருவருடைய அன்றாடக் கூலியைக் காப்பாற்றும் காரியம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு சாலையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்கிலே, ஆயிரம் ரூபாய்க்குப் போடச் சொன்னோம். சிப்பந்தி இருநூறில் நிறுத்திவிட்டு, "இருநூறுன்னு காதிலே விழுந்தது ஸார், மன்னிச்சுக்குங்க. மீதி எண்ணூறும் போட்டுடறேன்" என்றான். அதே சமயத்தில் இன்னொருவன் இந்தப் பக்கம் வந்து, "ரொக்கமா, கார்டா?" என்று கேட்டு நம் முகத்தைத் திருப்பினான். திரும்பிப் பார்க்கையில் யந்திரம் எண்ணூறில் நின்றது. கணக்குச் சரிதானே என்று தோன்றும். சரியில்லை! யந்திரத்தை மறுபடி ஸீரோவுக்குக் கொண்டு வராமல், இருநூறிலிருந்தே தொடர்ந்து எண்ணூறுக்கு ஏற்றியிருந்தான். டாங்குக்குள் போனது எண்ணூறு ரூபாய்ப் பெட்ரோல், கேட்டது ஆயிரம். அன்றைக்குப் பள்ளி மாணவியாயிருந்த நம் புதல்வி மறுபக்கத்து ஜன்னல் வழியாக யந்திரத்தையே பார்த்துக் கொண்டிருந்தபடியால், "நடுவிலே ஸீரோவே வரலையே, அண்ணா!" என்றாள். மீதி இருநூறு ரூபாய்ப் பெட்ரோலும் அந்த நிமிஷமே வந்து சேர்ந்தது. இது மிகப் பழைய வித்தை. இடைவேளை வந்தால், இரண்டாம் ஸீரோவையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இதற்கு மருந்து.

ஆனால் வித்தைக்குப் பயந்து ஜனங்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்துகள் எல்லாம் மருந்தல்ல. ஐந்நூறுக்கு என்று சொல்லாமல் ஐந்நூற்றுப் பத்துக்கு என்று கேட்பவர்கள் எத்தனையோ பேர். முழுத் தொகைக்கு யந்திரத்தில் சூது வைத்திருப்பார்களாம். பத்து ரூபாய் கூட்டிச் சொன்னால் சூது ஏமாந்து போகுமாம்! சூது வைக்கத் தெரிந்தவனுக்கு 510 என்ற எண் தெரியாதா? இதைவிட நல்ல வழி சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாப் பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தவர் அதிலே பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி வரையில்தான் வித்தியாசம் இருக்கலாம். கலப்படச் சந்தேகமானால் வடிதாள் கேட்கலாம். அதில் ஒரு சொட்டு விட்டால், சுத்தமான பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிப் போகும். புகார்ப் புஸ்தகமும் உண்டு. கேட்டால் கோபிப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டியதில்லை. ஒழுங்கான பங்குக்காரர் சந்தோஷமாகவே எடுத்துக் காட்டுவார்.

டாங்க் நிரம்பியதும் குழாய் தானாகவே 'டக்' என்று நின்றது. இந்த 'டக்'கில் மின்சாரம் எதுவும் இல்லை. குழாயின் நுனியில் ஊசித் துவாரம் ஒன்று உண்டு. எண்ணெய் ஓடும் வேகத்தில் அதன் வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டுக் கொண்டிருக்கும். எண்ணெய் மட்டம் உயர்ந்து துவாரத்தை மூடியவுடன் உறிஞ்சல் இறுகி, உள்ளே ஒரு விசை விடுபட்டுக் குழாய் அடைபடுகிறது. யந்திரமே "போதும்" என்று சொல்லிவிட்ட பிறகுதான் நம் நாட்டு வழக்கமான உபசாரம் ஆரம்பமாகிறது. கல்யாணப் பந்தியில் இலைக்கு மேல் கையை மறைத்தாலும் இன்னொரு ஜாங்கிரியைப் போடுவது போல, "ரவுண்டு பண்ணிடட்டுமா ஸார்?" என்று கேட்டு, இரண்டாயிரத்து எழுபத்திரண்டை இரண்டாயிரத்து நூறாக்க, சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். சில்லறைக் கஷ்டம் இருந்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. 2016-இல் யு.பி.ஐ. வந்து, சுண்டல்காரர் கூட டெலிபோனில் காசு வாங்குகிற காலத்தில், எழுபத்திரண்டு பைசா வரையில் கூடத் துல்லியமாகக் கொடுத்துவிடலாமே!

ரவுண்டு பண்ணுவதை நாம் ஆட்சேபிப்பது கஞ்சத்தனத்தால் அன்று. டாங்குக்குள் ஒரு லிட்டர் பெட்ரோல் போகும்போது, அங்கேயிருந்த ஒரு லிட்டர் ஆவி வெளியே வந்தாக வேண்டும். அந்த ஆவியில் பென்ஸீன் இருக்கிறது. இது புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று வைத்தியர்கள் நிச்சயித்திருக்கிறார்கள். நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பாகத்துக்கு மேல் இருக்கலாகாது என்று விதி. இருந்தாலும் அந்த ஒரு பாகம் யார் மூக்கில் ஏறுகிறது? நாம் மாதத்துக்கு நாலு தடவை வந்து போகிறோம். நீலச் சட்டைப் பெண்மணி வாய்க்கு நேரே குனிந்து நாள் முழுவதும் நிற்கிறாள். கடைசிச் சொட்டுகளை ஊற்றும்போதுதான் அவள் முகம் டாங்கின் வாய்க்கு மிக அருகில் வருகிறது. ஆவியைக் குழாய் வழியாகவே திரும்ப உறிஞ்சிக் கொள்ளும் ஏற்பாடு சில பங்குகளில் வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் வரவேண்டும். அதுவரையில், 'டக்' என்ற சப்தம் கேட்டதும் "போதும் அம்மா" என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. வண்டிக்கும் அதுதான் க்ஷேமம். மிதமிஞ்சி ஊற்றினால், ஆவியை அடக்குவதற்காக வண்டியில் வைத்திருக்கும் கரிப் பெட்டிக்குள் திரவமே புகுந்து கெடுத்துவிடும்.

"இதிலே இப்போது ஏதோ சாராயமும் கலக்கிறார்களாமே?" என்று கேட்டாள் அத்தை. உண்மைதான். கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுத்த எத்தனாலை நூற்றுக்கு 20 பாகம் வரையில் கலக்கும் திட்டம் 2025-இல் நாடு முழுவதும் நிறைவேறியது. அந்நிய நாட்டு எண்ணெய்க்குப் போகிற பணத்தில் கொஞ்சமாவது நம் நாட்டுக் கரும்பு விவசாயிக்குப் போகட்டும் என்பது நோக்கம். ஒரே அளவுக்கு எத்தனால் பெட்ரோலைவிடக் குறைவான சக்தியே தருமாகையால், லிட்டருக்கு ஓடும் தூரம் கொஞ்சம் குறையும். "குடித்தால் நடை தள்ளாடுமே, வண்டி மட்டும் எப்படி நேராகப் போகும்?" என்றாள் அத்தை.

விழுப்புரம் வரையில் எரிபொருள் பற்றிய பேச்சே ஓடிற்று. அத்தையின் தகப்பனார் அந்தக் காலத்துப் பஸ் பிரயாணங்களைப் பற்றி நிறையச் சொல்வாராம். தலையிலே இரண்டு கண்ணாடிக் குடுவைகளைத் தாங்கிக் கொண்டு பெட்ரோல் பம்பு நிற்கும். ஆள் ஒருவன் கைப்பிடியை ஆட்டி ஆட்டி ஒரு குடுவையை நிரப்புவான். அது வண்டிக்குள் இறங்கும்போது மற்றது நிரம்பும். எல்லாருக்கும் கண்ணெதிரே அளவு தெரியும். அதுவே அந்த நாளின் ஸீரோ! அப்புறம் 1939-இல் யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்புறத்தில் இரும்பு உலை ஒன்றைக் கட்டி, கரியை எரித்து, அதில் வரும் வாயுவால் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். கம்பெனியார் அப்படிப்பட்ட வாயு யந்திரங்களைச் செய்தே விற்றார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடக்க வேண்டும். சில சமயம் தள்ளவும் வேண்டும். டிக்கட்டுக்கு மட்டும் முழுப் பணம். அந்த நாளில் பம்புகளின் மேல் பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்று அந்நியப் பெயர்கள்தாம் இருந்தன. 1974-க்கும் 1976-க்கும் இடையில் அந்தக் கம்பெனிகளெல்லாம் இந்திய சர்க்கார் வசமாயின. பர்மா ஷெல்தான் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. எஸ்ஸோ ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிற்று.

புதுச்சேரி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சம்பிரதாயம் உண்டு. அங்கே வரி குறைவு; பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. காலி டாங்கோடு எல்லை வரையில் மூச்சைப் பிடித்துக் கொண்டு போய், புதுச்சேரி மண்ணைத் தொட்டதும் வயிறு நிறைய ஊற்றிக் கொள்வார்கள். அதற்காக நாற்பது கிலோமீட்டர் சுற்றிக் கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கை நாம் ஆராயப் போவதில்லை.

இப்போது, மேற்படி வேடிக்கைகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்ல வேண்டும். உளுந்தூர்ப்பேட்டை தாண்டியபோது, அத்தை சென்னையிலிருந்து ஒரு வாய் ஜலம் கூடக் குடிக்கவில்லை என்பதை நம் இல்லத்தரசி கவனித்தாள். செம்பு நிறைய ஜலம் மடியிலேயே இருந்தது. "தாகமில்லை" என்றாள் அத்தை. சித்திரை வெயிலில் யாருக்குத் தாகமில்லை? காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. நம் வீட்டு ஸ்திரீகள் பிரயாணத்தன்று ஜலம் குடிப்பதில்லை. குடித்தால் இறங்க வேண்டியிருக்கும். இறங்கினால் இடம் வேண்டும். ஆண்பிள்ளைகள் புளியமரத்தைத் தேடிக் கொண்டு போய் விடுகிறார்கள். அந்த வெட்கக் கேட்டைப் பற்றி இங்கே வேண்டாம். ஸ்திரீகளோ விடியற்காலை முதல் வாயைக் கட்டிக் கொண்டு வருகிறார்கள். சிறுநீர் எரிச்சல், மயக்கம் என்று பிறகு வைத்தியருக்குக் கொடுக்கும் பணம் தனி.

அடுத்து வந்த பங்கிலே நிறுத்தினோம். கட்டிடத்தின் பின்புறம் கழிப்பறை இருந்தது. கதவிலே பூட்டும் இருந்தது. அங்கிருந்த பையன், "அது ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் ஸார். சாவி மானேஜர்கிட்டே இருக்கு. அவர் சாப்பிடப் போயிருக்கார்" என்றான். நம் இல்லத்தரசி வண்டியை விட்டு இறங்கினாள். சுவரிலே எழுதியிருந்த இலவச வசதிகளின் பட்டியலை விரலால் சுட்டிக் காட்டினாள். டயருக்குக் காற்று, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, கழிப்பறை. "தம்பி, இது யாருக்காக எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். பையன் தலையைச் சொறிந்தான். மானேஜர் இரண்டே நிமிஷத்தில் சாப்பாட்டை முடித்துக் கொண்டு வந்துவிட்டார். சாவி வந்தது, கதவு திறந்தது. ஆனால் உள்ளே குழாயில் ஜலம் வரவில்லை. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்து கொண்டாள்.

இந்த வசதிகள் டீலருடைய தர்மமல்ல. எண்ணெய்க் கம்பெனிகள் வகுத்திருக்கும் விதி. பெட்ரோல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கேட்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் பூட்டு தொங்குகிறது. கூச்சம் என்கிற குணம் வீட்டுக்குள் அழகாயிருக்கலாம். நெடுஞ்சாலையில் அது நம் தாய்மார்களின் உடம்பைக் கெடுக்கிறது. அந்த மானேஜர் நீட்டிய புகார்ப் புஸ்தகத்தில் நம் இல்லத்தரசி முத்து முத்தாக அரைப் பக்கம் எழுதினாள். அதற்கு முந்திய புகார் எழுதி எத்தனையோ மாதமாகியிருந்தது.

பங்கில் நிற்கும் வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் சிலர், முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர் ஐம்பது ரூபாய்க்குப் போடச் சொன்னால், "இதற்கு ஒரு வரிசையா!" என்று ஹாரன் அடிக்கிறார்கள். அந்த ஐம்பது ரூபாய் அவருடைய இன்றையக் கொத்து வேலைக்குப் போய்வரும் பெட்ரோல். அதற்கும் அதே ஸீரோதான், அதே வரிசைதான். உண்மையில் வரிசையைத் தடுப்பவர் ஐம்பது ரூபாய்க்காரர் அல்ல. பணம் கொடுத்து முடிந்த பிறகும் பம்புக்கு நேரே வண்டியை நிறுத்தி, ரசீதை மடித்துப் பையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்து, பின் ஆசனத்துக் குழந்தைக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் எஞ்சினைக் கிளப்புகிறாரே, அந்தக் கனவான்தான். பத்தடி முன்னால் தள்ளிப் போய் இதையெல்லாம் செய்யக்கூடாதா?

டெலிபோனை அணைத்து வையுங்கள் என்று பலகை போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்றுதான் டெலிபோனால் பணம் கொடுக்கச் சொல்கிறார்கள். பணம் வந்த செய்தியைச் சின்னப் பெட்டி ஒன்று ஊரறியக் கூவுகிறது. டெலிபோனைவிடப் பயப்பட வேண்டியது நம் உடையில் சேரும் மின்சாரம். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் வாங்குகிறவர்களே குழாயைப் பிடித்துப் போட்டுக் கொள்கிறார்கள். நடுவிலே வண்டிக்குள் ஏறி ஆசனத்தில் உராய்ந்து, மறுபடி இறங்கிக் குழாயைத் தொடும்போது பொறி பறந்து தீப்பிடித்தது உண்டு. இங்கே நமக்காக ஒருவர் பிடிக்கிறார். ஆகவே நமக்கு அந்த அபாயம் குறைவு. எஞ்சினை நிறுத்துவதும், பீடி சிகரெட்டைச் சாலையிலேயே விட்டு வருவதும், இரு சக்கர வண்டியிலிருந்து எல்லாரும் இறங்கி நிற்பதும் போதுமானது.

திருச்சியில் மலைக்கோட்டையைத் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, மயில்கள் வாழும் விராலிமலையைத் தாண்டி, ஒரு பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றோம். பெட்ரோல் தேவைப்படவில்லை. காற்றடிக்கும் பெரியவர் நாலு டயரையும் குனிந்து குனிந்து பார்த்தார். "முன் டயரிலே முப்பத்திரண்டு வைக்கிறேம்மா, சரியா?" என்று ஓட்டுகிறவளையே கேட்டார். யாரும் சொல்லித் தரவில்லை! காற்று இலவசந்தான். ஆனால் அந்தக் குனிவு இலவசமன்று என்பது நம் அபிப்பிராயம். பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தோம். இலவசத்துக்குப் பணம் கொடுத்துப் பழக்கம் கெடுக்கலாமா என்று வாதிக்கிறவர்கள் வாதித்துக் கொள்ளட்டும்.

அந்தப் பங்கின் பின்புறத்தில் வெள்ளையடித்த சுவரும், துளசித் தொட்டியும் இருந்தன. கழிப்பறைக் கதவில் பூட்டு இல்லை. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. வாளியில் ஜலம் ததும்பிக் கொண்டிருந்தது. கூட்டிக் கொண்டிருந்த அம்மாள், "வாங்க ஆத்தா, பார்த்து வாங்க, படி வழுக்கும்" என்று அத்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நம் இல்லத்தரசி புகார்ப் புஸ்தகம் கேட்டு வாங்கினாள். பெரியவர் பதறிப் போனார். "பயப்படாதீர்கள், ஐயா. இதிலே நல்லதும் எழுதலாம்" என்று சொல்லி, இங்கேயும் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி கிளம்பியதும் அத்தை செம்பை எடுத்தாள். மேலூர் வருவதற்குள் முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டாள்.